ஓப்பன் சோர்ஸும் கிளவுடும் இணையவழியில் கற்க: ஒரு முழுமையான வழிகாட்டி

புரோகிராமை அதற்குத் தேவையானவற்றோடு கட்டிவைக்கும் பொதிகளான கன்டெய்னர்களை நிர்வகிக்கும் கருவி குபெர்னெட்டிஸ். அதன் பாடத்தில் சேர்ந்து இரண்டாம் மூன்றாம் வாரத்திலேயே திணறுபவர்களைத் தடுப்பது பெரும்பாலும் குபெர்னெட்டிஸ் அல்ல. கோப்புக்கு அனுமதி இல்லை, போர்ட்டை (நெட்வொர்க் இணைப்புக்கான எண்ணிட்ட வாசலை) வேறொரு புரோகிராம் பிடித்திருக்கிறது, டிஎன்எஸ் என்ற இணைய முகவரிப் பட்டியலில் பெயர் கிடைக்கவில்லை என்று வரும் பிழைகள் எல்லாம் லினக்ஸ் சங்கதிகள். அடித்தளத்தைத் தாண்டிக் குதித்ததன் விளைவு அது. அதனால் இங்கே ஒரு வரிசையை வற்புறுத்துகிறோம்: லினக்ஸ், கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி), பிறர் திட்டங்களுக்குப் பங்களிப்பு, கன்டெய்னர், கிளவுட் (இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் கணினிகள்), கடைசியாகக் குபெர்னெட்டிஸ்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. முதல் வாரத்திலேயே சொந்தமாக ஒரு சிறிய புரோகிராமை எழுதிவிடுங்கள். ஒவ்வொரு பாடத்திலும் கற்றதை அதன் மேலேயே செய்து பாருங்கள். பாடத்தோடு வரும் மாதிரிப் புரோகிராம் ஏற்கெனவே பலமுறை சரிபார்க்கப்பட்டது. அதில் பிழையே வராது. பிழை வராத இடத்தில் கற்க அதிகம் இருக்காது.

எந்தப் புரோகிராம்? பைத்தானிலோ கோ மொழியிலோ 150 வரிக்குள் ஒரு குறிப்புச் சேமிப்பான் போதும். குறிப்பைச் சேர்க்க ஒரு முகவரி, பட்டியலைக் காட்ட ஒன்று, சேவை உயிரோடு இருக்கிறதா என்று சொல்ல ஒன்று. தரவு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் சேர வேண்டும். தரவுத்தளம் இல்லாத புரோகிராமைக் கிளவுடில் ஏற்றுவது சுலபம். ஆனால் உண்மையான வேலையில் வரும் சிக்கலில் பாதி அங்கே தலைகாட்டவே காட்டாது.

நேரக் கணக்கு: வாரத்துக்கு 8 முதல் 10 மணி நேரம் ஒதுக்க முடிந்தால் மொத்தப் பாதைக்கும் ஆறிலிருந்து எட்டு மாதம் பிடிக்கும். ஒரு மணி நேரக் காணொளிக்கு இரண்டு மணி நேரம் டெர்மினலில் (கட்டளைகளை அடிக்கும் திரையில்) செலவாக வேண்டும். இந்த விகிதம் தலைகீழானால், பாடம் முடிந்த மறுவாரமே பாதி மறந்துபோகும்.

பாடங்களைத் தேர்ந்தெடுப்பது

காசு கொடுக்காமலே தொடங்கலாம். லினக்ஸ் ஃபவுண்டேஷன் நடத்தும் இலவசப் பாடங்களில் நான்கு இந்தப் பாதைக்கு நேராகப் பொருந்தும்: லினக்ஸ் அறிமுகம் (எல்எஃப்எஸ்101), ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் உருவாக்கத்தின் அரிச்சுவடி (எல்எஃப்டி102), லினக்ஸ் கெர்னல் உருவாக்க அறிமுகம் (எல்எஃப்டி103), குபெர்னெட்டிஸ் அறிமுகம் (எல்எஃப்எஸ்158). டெர்மினல், ஷெல், கிட் மூன்றிலும் கை பழக, எம்ஐடி வெளியிட்ட ‘மிஸ்ஸிங் செமஸ்டர்’ வகுப்புகள் அருமையானவை. குறிப்புகளும் பயிற்சிகளும் முழுக்கத் திறந்தே கிடக்கின்றன.

எட்எக்ஸ் போன்ற தளங்களில் ‘ஆடிட்’ என்று ஒரு வழி இருக்கும். பாடத்தைப் படிக்கலாம், சான்றிதழ் கிடைக்காது, மதிப்பெண் தேர்வுகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும், சில வாரங்களில் அனுமதியும் முடிந்துவிடும். ஆகவே சேர்ந்த அன்றே தொடங்கிவிடுங்கள். ‘பிறகு பார்க்கலாம்’ என்று நான்கு பாடத்தில் சேர்ந்து வைத்தால் நான்குமே காலாவதியாகும்.

காசு கொடுத்து வாங்கும் முன் பாடம் எவ்வளவு பழையது என்று பாருங்கள். ‘அண்மையில் புதுப்பிக்கப்பட்டது’ என்ற முத்திரையை நம்ப வேண்டாம். ஒரே ஒரு காணொளியை மாற்றினாலும் அது வந்துவிடும். இலவசமாகத் திறந்திருக்கும் முன்னோட்டக் காணொளிகளில் சில தடயங்கள் கிடைக்கும். கன்டெய்னர் கருவியான டாக்கரில் பல கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் டாக்கர் கம்போஸ் கட்டளையை நடுவில் சிறுகோடு போட்டு ஒரே சொல்லாக அடித்தால் அது பழைய முதல் பதிப்பு. அதற்கான ஆதரவு 2023 ஜூலையோடு முடிந்தது. சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் வகையை நிறுவச் சொன்னால், அதன் ஆயுள் 2024 ஜூன் 30 அன்றே முடிந்தது. குபெர்னெட்டிஸின் உள்ளே கன்டெய்னரை ஓட்டுவது டாக்கர்தான் என்று சொன்னால், அது 2022 மே மாதம் வந்த 1.24 பதிப்புக்கு முந்தைய பாடம். இவற்றில் இரண்டு கண்ணில் பட்டாலே வேறு பாடம் தேடுங்கள்.

கணினியைத் தயார் செய்வது

விண்டோஸ் வைத்திருப்பவர்கள், அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2 நிறுவினால் போதும். ஒரே கட்டளையில் உபுண்டு என்ற லினக்ஸ் வகை வந்துவிடும். புரோகிராம் கோப்புகளை விண்டோஸின் சி டிரைவில் வைக்காமல், லினக்ஸின் உள்ளே இருக்கும் ஹோம் கோப்புறையில் வையுங்கள். இல்லையென்றால் கிட் முதல் பேக்கேஜ் நிறுவல் வரை எல்லாம் ஆமை வேகத்தில் நகரும். மேக் வைத்திருப்பவர்களுக்கும் தனியாக ஒரு லினக்ஸ் விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் ஓடும் மென்பொருள் கணினி) தேவை, ஏனென்றால் லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி மேக்கில் கிடையாது. மெஷினுக்கு 2 சிபியு, 4 ஜிபி ரேம், 25 ஜிபி டிஸ்க் கொடுத்தால் தாராளம். உபுண்டுவில் எல்டிஎஸ் பதிப்பையே எடுங்கள்: இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவது, ஐந்து ஆண்டு ஆதரவு உள்ளது, பாடங்களும் அதை வைத்தே எழுதப்படுகின்றன.

லினக்ஸ்: எதைப் படிப்பது, எதைத் தாண்டுவது

அறிமுகப் பாடத்தில் டெஸ்க்டாப் அமைப்புகள், அச்சுப்பொறி, படத்தொகுப்பு மென்பொருள் பற்றிய அத்தியாயங்கள் வரும். தயங்காமல் தாண்டுங்கள். அந்த நேரத்தைக் கோப்பு அனுமதிகள், பிராசஸ்கள், சிஸ்டம்டி, லாக் வாசிப்பு, நெட்வொர்க் கருவிகள் ஐந்துக்கும் கொடுங்கள்.

இவை ஐந்தும் ஒரே இடத்தில் கூடும் பயிற்சி ஒன்று உண்டு. உங்கள் குறிப்புச் சேமிப்பானை, முழு அதிகாரமுள்ள ரூட் அல்லாத தனிப் பயனர் பெயரில், சிஸ்டம்டி சேவையாக ஓட்டுங்கள். பிறகு கில் கட்டளையால் அதைக் கொன்று, தானாக எழுகிறதா என்று பாருங்கள். முதல் தடவை கட்டாயம் ஓடாது. காரணங்கள் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்:

– லாக்கில் ‘203’ என்ற எண்ணோடு தோல்வி வந்தால், இயக்க வேண்டிய கோப்பு சொன்ன இடத்தில் இல்லை அல்லது அதற்கு இயக்கும் அனுமதி இல்லை.

– கையால் ஓட்டினால் ஓடுகிறது, சேவையாக ஓடவில்லை என்றால், சூழல் மாறிகளை (புரோகிராமுக்கு வெளியிலிருந்து தரும் அமைப்புகளை) பாருங்கள். உங்கள் ஷெல் தொடங்கும்போது படிக்கும் கோப்புகளைச் சிஸ்டம்டி படிப்பதில்லை. தரவுத்தளக் கடவுச்சொல் அங்கே இருந்தால் சேவைக்கு அது தெரியாது. சேவைக் கோப்பில் தனியாகக் குறிக்க வேண்டும்.

– சேவைக் கோப்பை மாற்றியும் பழையபடியே ஓடினால், சேவைக் கோப்புகளை மறுபடி படிக்கவைக்கும் டீமன்-ரீலோட் செய்ய மறந்திருப்பீர்கள்.

இதைச் சரிசெய்து முடித்தவருக்குப் பின்னால் வரும் கன்டெய்னர் பாடம் பாதி புரிந்த மாதிரிதான்.

கிட்: கட்டளைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம்

2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் வேலைக்காக எழுதிய கருவி கிட். அதை ‘சேமிப்பு பட்டன்’ போலப் பயன்படுத்தக் கற்றுத்தரும் பாடங்கள் ஏராளம். அவை தனியாக வேலை செய்பவருக்குப் போதும், பிறர் திட்டத்துக்குப் பங்களிக்கப் போதாது. ஒவ்வொரு கமிட்டும் முழுத் திட்டத்தின் ஒரு நிலையைச் சுட்டுகிறது, கிளை என்பது ஒரு கமிட்டைக் காட்டும் பெயர் மட்டுமே. இந்த இரண்டும் மனதில் பதிந்துவிட்டால் மெர்ஜ் (கிளைகளை இணைத்தல்), ரீபேஸ் (கமிட்டுகளை வேறொரு நிலையின் மேல் மறுபடி அடுக்குதல்), ரீசெட் (கிளையை வேறொரு கமிட்டுக்கு நகர்த்துதல்) மூன்றும் குழப்பாது.

ரீபேஸை ஒரு பொய்த் திட்டத்தில் வேண்டுமென்றே உடைத்துப் பழகுங்கள். இரு கிளைகளில் ஒரே வரியை வெவ்வேறு விதமாக மாற்றி, ரீபேஸ் செய்து, முரண்பாட்டைத் தீர்த்துத் தொடருங்கள். எல்லாம் நாசமாகிவிட்டது என்று தோன்றினால் ரெஃப்லாக் (கிளைகள் எந்தெந்தக் கமிட்டில் இருந்தன என்ற பதிவு) பாருங்கள். கமிட் செய்த எதுவும் அவ்வளவு சீக்கிரம் தொலைவதில்லை, கமிட் செய்யாததுதான் தொலையும். ரீபேஸ் செய்த கிளையை மீண்டும் ஏற்றும்போது வெறும் ஃபோர்ஸ் (கட்டாயமாக மேலெழுதும் தெரிவு) வேண்டாம், ஃபோர்ஸ்-வித்-லீஸ் பயன்படுத்துங்கள். நீங்கள் பார்க்காத கமிட் ஏதாவது அந்தக் கிளையில் இதற்குள் சேர்ந்திருந்தால், அது மேலெழுதாமல் நிறுத்திவிடும்.

முதல் பங்களிப்பு

எந்தப் பாடமும் முழுதாகக் கற்றுத்தர முடியாத பகுதி இது, அதனால் கொஞ்சம் விரிவாக.

முதலில் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். கிட்ஹப்பில் காட்டும் நட்சத்திர எண்ணிக்கை எதையும் சொல்லாது. கடைசியாக மெர்ஜ் ஆன பத்து புல் ரிக்வெஸ்ட்டுகளை (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கைகளை) திறந்து பாருங்கள். வெளியாட்கள் அனுப்பியவை அதில் உண்டா? முதல் பதில் வர எத்தனை நாள் ஆனது? பத்துமே உள்வட்டத்தினர் அனுப்பியவை என்றால் அங்கே வாசல் சிறியது. நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு நூலகமோ கருவியோ என்றால் இன்னும் நல்லது; அதன் குறை உங்களுக்கே தெரியும்.

அடுத்து, எதையும் மாற்றும் முன் திட்டத்தை உங்கள் கணினியில் பில்ட் செய்து (ஓடும் நிலைக்குக் கட்டி), அதன் சோதனைகளை எல்லாம் ஓட்டுங்கள். மாற்றுவதற்கு முன்பே ஏதாவது சோதனை தோற்றால் அதைக் குறித்துவையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மாற்றத்தால் வந்த பிழை என்று நினைத்து நாள் கணக்கில் தேடுவீர்கள். பில்ட் செய்யும் வழிமுறையில் ஒரு படி விடுபட்டிருந்தால், அதைத் திருத்தி அனுப்புவதே நல்ல முதல் பங்களிப்பு. ஒரு சொல்லின் எழுத்துப்பிழையைத் திருத்துவதைவிட அது பல மடங்கு மதிக்கப்படும், ஏனென்றால் புதிதாக வருபவரின் கண்ணுக்கு மட்டுமே தெரியும் குறை அது.

பிறகு வரிசையாக: ஃபோர்க் செய்யுங்கள் (திட்டத்தின் நகலை உங்கள் கணக்கில் உருவாக்குங்கள்), குளோன் செய்யுங்கள் (அதை உங்கள் கணினிக்கு இறக்குங்கள்), மூலத் திட்டத்தை ‘அப்ஸ்ட்ரீம்’ என்ற பெயரில் ரிமோட்டாகச் சேருங்கள், முதன்மைக் கிளையில் கை வைக்காமல் புதுக் கிளை தொடங்குங்கள், ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள், அதற்கு ஒரு சோதனை எழுதுங்கள், அனுப்பும் முன் அப்ஸ்ட்ரீமின் புதிய நிலையின் மேல் ரீபேஸ் செய்யுங்கள். பங்களிப்பு விதிகளைச் சொல்லும் கோப்பு வேர்க் கோப்புறையில் இருக்கும். கமிட் செய்தி எப்படி இருக்க வேண்டும், ஏஐ எழுதிய நிரலை ஏற்பார்களா என்பதெல்லாம் அதில் இருக்கலாம். படிக்காமல் அனுப்பியது தெரிந்துவிடும்.

என்னென்ன தவறும்? புதியவர்களிடம் அடிக்கடி நடப்பது, மூன்று வரி மாற்றத்துக்கு எண்ணூறு வரி வித்தியாசம் காட்டுவது. எடிட்டர் கோப்பு முழுவதையும் தானாக அழகுபடுத்தியிருக்கும், அல்லது விண்டோஸ் வரிமுடிவுக் குறிகள் புகுந்திருக்கும். அனுப்பும் முன் கிட் டிஃப் ஓட்டி ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்த்தால் இது நடக்காது.

அடுத்தது டிசிஓ சோதனை சிவப்பாகத் தோற்பது. ‘இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு’ என்ற உறுதிமொழி வரி ஒவ்வொரு கமிட் செய்தியின் அடியிலும் இருக்க வேண்டும்; கமிட் கட்டளையில் ‘சைன்-ஆஃப்’ தெரிவைச் சேர்த்தால் அது தானாக வரும். அதில் உள்ள மின்னஞ்சலும் கமிட் ஆசிரியரின் மின்னஞ்சலும் ஒன்றாக இல்லையென்றாலும் தோற்கும். சில திட்டங்கள் டிசிஓ-வுக்குப் பதில் சிஎல்ஏ என்ற ஒப்பந்தம் கேட்கும். வேலையில் இருப்பவர்கள் அதில் கையெழுத்திடும் முன், நிரலின் உரிமை பற்றித் தங்கள் பணி ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கெர்னல் பக்கம் போக விரும்புபவர்களுக்கு வழக்கமே வேறு. அங்கே புல் ரிக்வெஸ்ட் பட்டன் இல்லை. கிட் சென்ட்-இமெயில் மூலம் வெறும் எழுத்து வடிவில் பேட்சை (மாற்றிய வரிகளை) அனுப்ப வேண்டும், இணைப்பாகச் சேர்க்கக் கூடாது. அனுப்பும் முன், நடை விதிகளைச் சரிபார்க்கும் செக்பேட்ச் ஓட்டுங்கள். யாருக்கு அனுப்புவது என்பதை கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லும். புதிய பதிப்பு ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. அதன் முதல் இரண்டு வாரம் மெர்ஜ் விண்டோ, அதாவது புதிய மாற்றங்களைச் சேர்க்கும் காலம். பராமரிப்பாளர்கள் மூச்சுவிட நேரமில்லாமல் இருப்பார்கள், அப்போது புதியவரின் பேட்ச் காத்திருக்கும். பதில் வராவிட்டால் குறைந்தது ஒரு வாரம் பொறுத்து, பணிவாக நினைவூட்டினால் போதும்.

வழிகாட்டியோடு உதவித்தொகையும் தரும் திட்டங்கள் உண்டு: 2005 முதல் நடக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட், அவுட்ரீச்சி, எல்எஃப்எக்ஸ் மென்டர்ஷிப். சம்மர் ஆஃப் கோட் 2022 முதல் மாணவர் அல்லாதவருக்கும் திறந்திருக்கிறது. விண்ணப்பக் காலம் தொடங்குவதற்கு ஓரிரு மாதம் முன்பே அந்தத் திட்டத்தில் சிறு பங்களிப்புகள் செய்திருப்பவர்களுக்கே வாய்ப்பு அதிகம்.

உரிமம் பற்றி இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். எம்ஐடி உரிமம் மிகக் குறைந்த நிபந்தனை உள்ளது. அப்பாச்சி 2.0 அதோடு காப்புரிமை அனுமதியையும் வெளிப்படையாகத் தருகிறது. ஜிபிஎல் நிரலை மாற்றிப் பிறருக்கு வழங்கினால் மூல நிரலையும் அதே உரிமத்தில் வழங்க வேண்டும். ஏஜிபிஎல் அந்தக் கடமையை இணையச் சேவையாக ஓட்டுவதற்கும் நீட்டிக்கிறது. உரிமக் கோப்பே இல்லாத நிரல் கிட்ஹப்பில் திறந்து கிடந்தாலும், அதை எடுத்து உங்கள் திட்டத்தில் சேர்க்க உங்களுக்கு அனுமதி இல்லை.

கன்டெய்னர்

இப்போது குறிப்புச் சேமிப்பானையும் போஸ்ட்கிரெஸையும் இரண்டு கன்டெய்னர்களாக, கம்போஸ் கோப்பு ஒன்றில் ஓட்டுங்கள். நான்கு இடத்தில் சிக்குவீர்கள்.

கன்டெய்னர் ஓடுகிறது, பிரௌசரில் எதுவும் வரவில்லை: புரோகிராம் 127.0.0.1 முகவரியில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது. கன்டெய்னருக்குள் அது அந்தக் கன்டெய்னரை மட்டுமே குறிக்கும், 0.0.0.0 என்று மாற்றுங்கள். தரவுத்தளத்தை ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று தேடினால் கிடைக்காததற்கும் இதே காரணம்தான். கம்போஸ் கோப்பில் கொடுத்த சேவைப் பெயரை எழுதுங்கள்.

ஒரு வரி மாற்றினாலும் பில்ட் பல நிமிடம் ஆகிறது: மொத்த நிரலையும் நகலெடுத்த பிறகு நூலகங்களை நிறுவுகிறீர்கள். நூலகப் பட்டியல் கோப்பை மட்டும் முதலில் நகலெடுத்து, நிறுவி, பிறகு மற்றதை நகலெடுத்தால் முந்தைய அடுக்குகள் அப்படியே மறுபடி பயன்படும்.

நிறுத்தினால் சரியாகப் பத்து விநாடி கழித்தே நிற்கிறது: நிறுத்தும் சிக்னல் ஷெல்லோடு நின்றுவிடுகிறது, புரோகிராமுக்குப் போய்ச் சேரவில்லை. டாக்கர் பத்து விநாடி பார்த்துவிட்டுக் கொல்கிறது. இயக்கும் கட்டளையைச் சதுர அடைப்புக்குறிப் பட்டியல் வடிவில் எழுதினால் தீரும்.

137 என்ற எண்ணோடு செத்தால் வெளியிலிருந்து கொல்லப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் நினைவகம் போதாமை.

கிளவுட்: முதலில் பூட்டு, பிறகு வேலை

அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றில் எதை எடுத்தாலும் அடிப்படை ஒன்றே. ஒன்றை மட்டும் எடுத்து ஆழமாகப் போங்கள். கணக்குத் தொடங்கிய முதல் அரைமணியில் செய்ய வேண்டியவை: ரூட் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு; அன்றாட வேலைக்கு வேறு பயனர்; செலவு எச்சரிக்கை. அந்த எச்சரிக்கை மின்னஞ்சல் மட்டுமே அனுப்பும், எதையும் நிறுத்தாது. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு நிம்மதியாகத் தூங்குபவர்கள் பலர்.

பில் எகிறுவது நீங்கள் ஓட்டிய மெஷினால் அல்ல, மறந்ததால். மெஷினை நிறுத்தினாலும் அதன் டிஸ்க்குக்குக் கட்டணம் ஓடும். வருகையைப் பல மெஷினுக்குப் பிரிக்கும் லோட் பேலன்சரும், தனி நெட்வொர்க்கிலிருந்து இணையத்துக்கு வழிதரும் நாட் கேட்வேயும் யாரும் பயன்படுத்தாவிட்டாலும் மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும். அமேசானில் 2024 பிப்ரவரி முதல் பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும், பயன்பாட்டில் இருந்தாலும் சும்மா இருந்தாலும், கட்டணம் உண்டு. வேறு ரீஜனில் (வேறு பகுதித் தரவு மையங்களில்) உருவாக்கியது உங்கள் திரையில் தெரியாது, பில்லில் தெரியும்.

முதல் தடவை எல்லாவற்றையும் கையால் செய்யுங்கள்: ஒரு மெஷின், உங்கள் ஐபிக்கு மட்டும் திறந்த 22-ஆம் போர்ட், அதில் குறிப்புச் சேமிப்பான். இணைப்புக் கிடைக்காவிட்டால் பிழைச் செய்தியைக் கவனியுங்கள். ‘டைம்டு அவுட்’ என்றால் பெரும்பாலும் ஃபயர்வால் விதி அல்லது வழித்தடம் தடுக்கிறது. ‘ரெஃப்யூஸ்டு’ என்றால் மெஷின் வரை போய்விட்டது, அந்தப் போர்ட்டில் கேட்க ஆளில்லை. ‘பெர்மிஷன் டினைடு’ என்றால் சாவி தவறு, அல்லது பயனர் பெயர் தவறு. உபுண்டு இமேஜுக்கு (மெஷினின் தொடக்க நகலுக்கு) பயனர் பெயர் ‘உபுண்டு’, அமேசான் லினக்ஸுக்கு ‘இசி2-யூசர்’. சாவிக் கோப்பின் அனுமதி 600 ஆகவோ 400 ஆகவோ இல்லையென்றால் எஸ்எஸ்ஹெச் அதைத் தொடவே தொடாது.

பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கிளவுட் வளங்களைக் கோப்பில் எழுதி உருவாக்கும் கருவிகளான ஓப்பன்டோஃபு அல்லது டெராஃபார்மில் அதையே நிரலாக எழுதுங்கள். டெராஃபார்ம் 2023 ஆகஸ்டில் ஓப்பன் சோர்ஸ் உரிமத்தை விட்டதால் பிரிந்த கிளையே ஓப்பன்டோஃபு. பாடங்கள் பெரும்பாலும் பழைய பெயரில் இருந்தாலும், அடிப்படைக் கட்டளைகள் ஒன்றே. ஸ்டேட் கோப்பை (உருவாக்கியவற்றின் பதிவை) கிட்டில் சேர்க்காதீர்கள், அதில் கடவுச்சொற்கள் அப்படியே எழுதியிருக்கும். ஒவ்வொரு பயிற்சியும் டெஸ்ட்ராய் கட்டளையோடு முடிய வேண்டும்.

அணுகல் சாவி பொதுக் களஞ்சியத்தில் தவறி ஏறிவிட்டால், முதல் வேலை அந்தச் சாவியைச் செல்லாததாக்குவது. கமிட்டை அழிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். சாவி திருடும் தானியங்கிப் புரோகிராம்கள் நிமிடங்களில் வந்துவிடும். வரலாற்றை நீங்கள் சுத்தம் செய்து முடிப்பதற்குள் உங்கள் செலவில் யாரோ கிரிப்டோ காயின் தோண்டிக்கொண்டிருப்பார்கள்.

குபெர்னெட்டிஸ்

கிளவுடில் தொடங்க வேண்டாம். உங்கள் கணினியிலேயே சிறு குபெர்னெட்டிஸை ஓட்டும் கைண்ட் அல்லது மினிகியூப் போதும். மினிகியூபுக்கு 2 சிபியு, 2 ஜிபி காலி ரேம், 20 ஜிபி டிஸ்க் வேண்டும். எல்எஃப்எஸ்158 பாடத்தைப் படித்துக்கொண்டே குறிப்புச் சேமிப்பானை நகர்த்துங்கள்.

கைண்டில் முதலில் வருவது இமேஜ் (கன்டெய்னரின் மூல நகல்) கிடைக்கவில்லை என்ற பிழை. உங்கள் கணினியில் பில்ட் செய்த இமேஜ் கிளஸ்டருக்கு (குபெர்னெட்டிஸ் ஓடும் மெஷின்களின் கூட்டத்துக்கு) தானாகத் தெரியாது, லோட் செய்ய வேண்டும். லோட் செய்தும் பிழை வந்தால் டேக் (இமேஜின் பதிப்புப் பெயர்) ‘லேட்டஸ்ட்’ என்று இருக்கிறதா பாருங்கள். அப்படி இருந்தால் குபெர்னெட்டிஸ் எப்போதும் ரிஜிஸ்ட்ரியில்தான் (இமேஜ்களின் இணையக் கிடங்கில்) தேடும். 0.1 என்று ஒரு பெயர் வைத்தால் தீர்ந்தது.

பாட் (கன்டெய்னரைத் தாங்கி ஓடும் மிகச்சிறிய அலகு) ‘கிராஷ்லூப்பேக்ஆஃப்’ என்று காட்டினால் அது பிழையின் பெயர் அல்ல, காத்திருப்பின் பெயர்: 10, 20, 40 விநாடி என்று இரட்டித்து ஐந்து நிமிடம் வரை போகும். காரணம் முந்தைய கன்டெய்னரின் லாக்கில் இருக்கும், ‘பிரீவியஸ்’ என்று சேர்த்துக் கேளுங்கள். பாட் நன்றாக ஓடியும் சர்வீஸ் (பாடுகளுக்கு நிலையான முகவரி தருவது) வழியே பதில் இல்லையென்றால், பெரும்பாலும் சர்வீஸ் பாடைத் தேடும் செலக்டரும் பாடின் அடையாளமான லேபிளும் ஓர் எழுத்தாவது மாறியிருக்கும். லைவ்னஸ் சோதனையில் (தோற்றால் கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்வது) தரவுத்தளத்தைத் தொடாதீர்கள். தரவுத்தளம் ஒரு நிமிடம் தடுமாறினால் எல்லாப் பாடுகளும் சேர்ந்து ரீஸ்டார்ட் ஆகும். தரவுத்தளத்தைச் சோதிக்க ரெடினஸ் (தோற்றால் பாடுக்குக் கோரிக்கைகளை அனுப்பாமல் நிறுத்துவது) இருக்கிறது.

சான்றிதழ் வேண்டுமா?

குபெர்னெட்டிஸ் நிர்வாகிக்கான சிகேஏ தேர்வு இரண்டு மணி நேரம், முழுக்கச் செய்முறை, அதிகாரபூர்வ ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளலாம், தேறினால் இரண்டு ஆண்டு செல்லும். கட்டணத்தில் இலவச மறுமுயற்சி ஒன்றும், மாதிரித் தேர்வு இரண்டும் அடங்கும். அமேசானின் கிளவுட் பிராக்டிஷனர் 90 நிமிடத்தில் 65 கேள்விகளுக்கு விடை தேர்ந்தெடுப்பது. சேவைகளின் பெயர் தெரியும் என்பதற்குச் சான்று, அவ்வளவே. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் செய்முறைத் தேர்வைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் குறிப்புச் சேமிப்பான் குபெர்னெட்டிஸில் நிலையாக ஓடும்வரை பணம் கட்ட வேண்டாம். தேர்வில் ஒவ்வொரு கேள்விக்கும் எந்த மெஷினில் நுழைய வேண்டும் என்று மேலேயே எழுதியிருக்கும். அதைக் கவனிக்காமல் வேறிடத்தில் சரியான விடையைச் செய்தால் மதிப்பெண் பூஜ்யம். மாதிரித் தேர்வு ஒவ்வொன்றும் தொடங்கியதிலிருந்து 36 மணி நேரம் திறந்திருக்கும். எனவே இரண்டு நாள் வேறு வேலை இல்லாத நேரம் பார்த்துத் தொடங்குங்கள்.